கடல் ஒன்று, வரவில்லை

காலை ஐந்தே முக்கால்.
பெங்களூர் வண்டியிலிருந்து இறங்கியவர்
ஒரு கையில் தோல்பை, மறு கையில் கட்டம் போட்ட நோட்டோடு
நேரே என் ஆட்டோவுக்கு வந்து கேட்டார்:
'கடல் எந்தப் பக்கம்?'

ஸ்டாண்டில் முதல் வண்டி என்னுடையது.
முதல் வண்டிக்காரன் தெரியாது என்று சொல்லக் கூடாது.
கையைத் தூக்கிவிட்டேன்.
தூக்கிய கை
மண்டி தாண்டி மாந்தோப்பு தாண்டி
கிழக்கே வெறும் வெளிச்சத்தில் போய் நின்றது.
'எவ்வளவு தூரம்?'
'இருநூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கும், மேடம்.'

நோட்டைப் பிரித்தார்.
மசூலிப்பட்டினம், டிக்.
நாகப்பட்டினம், டிக்.
கொற்கை, கொச்சி, தரங்கம்பாடி.
அடுத்த வரியில் எங்கள் ஊர் மாதிரி ஒன்று.
உற்றுப் பார்த்தேன்.
எங்களுடையது பட்டணம்.
அவர் எழுதியிருந்தது பட்டினம்.
ஒரு கொக்கி கூட, ஒரு சுழி குறைய.
அந்த இடுக்கில்
ஒரு சமுத்திரமே விழுந்து கிடந்தது.

'டிக்கெட் போட்டது மக' என்றார்.
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

பெயர் ஜெசிந்தா, ராயபுரம்.
'வந்தாச்சு. இருக்கறதைக் காட்டுங்க.'

என்ன இருக்கிறது?
பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறேன்
ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கோர்ட்டுக்கு,
சுற்றிப் பார்க்க என்று ஏறினவர்
இவர்தான்.
பாலத்தில் நிறுத்தினேன்.
'காவேரியா?'
'தென்பெண்ணை.'
'அப்போ காவேரி?'
'அது ஒகேனக்கல் பக்கம்.'
கீழே கணுக்கால் தண்ணீர், ஆகாயத்தாமரை,
கரையேற மனசில்லாத ஓர் எருமை.
அவர் அதைத்தான் படம் எடுத்தார்.

பிறகு வாசனை வந்தது.
ஆனி மாதம் இந்த ஊரில் வாசனைதான் வழி சொல்லும்.
கூழ் ஃபாக்டரி வாசலில்
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஒரு பர்லாங்குக்கு.
உள்ளே ஏற்றுமதிக்கு நிற்கும் நீல டிரம்கள்.
யாரையும் கேட்காமல் இறங்கிப் போனார்.
ஒரு டிரம்மை
விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.

'இருபத்திரண்டு வருஷம்
திருவொற்றியூர் யார்டுல டாலி கிளார்க் நான்.
கிருஷ்ணகிரின்னு ஒரு ஊர்
இந்த டிரம்மு வயித்துல எழுதியிருந்துதான் தெரியும்.
எண்ணுவேன், கையெழுத்துப் போடுவேன்,
கப்பல் கொண்டுபோயிடும்.
எங்கேருந்து வருதுன்னு
ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்ல.'

வாட்ச்மேன் தீர்த்தகிரி ஓடி வந்தான்.
'யாரும்மா நீங்க, உள்ளல்லாம்...'
அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.
'சலான்ல எத்தனை?'
'எண்பது.'
'எண்பத்தொண்ணு நிக்குது.'
சூப்பர்வைசர் வந்தார். பேனா வந்தது.
இரண்டு முறை எண்ணினார்கள்.
ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு திரும்பப் போனான் ஒரு பையன்.
டீ வந்தது எனக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது
நிப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.
'நீங்க தேடுற ஊரைக் கடல் தின்னுடுச்சுன்னு சொல்வாங்க.
இந்த ஊர்ல
நாங்க கடலையத் தின்னுக்கிட்டிருக்கோம்.'
நிப்பட்டின் நடுவே பல்லிளித்த நிலக்கடலையைக் காட்டினேன்.
கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது அவருக்கு.
அதன் பிறகு சேலம் வண்டி வரும்வரை
விட்டு விட்டுச் சிரித்தார்.

மீட்டர் இல்லாத சவாரி. இருநூறு கேட்டேன்,
எண்ணிக் கொடுத்தார். சரியாக இருந்தது, வேறெப்படி இருக்கும்.
ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்.

ஊர்: ஒன்று, சரி.
ஆறு: ஒன்று, பெயர் மாறி வந்துள்ளது.
எருமை: ஒன்று, பட்டியலில் இல்லாதது.
கடல்: ஒன்று, வரவில்லை.

டிக் போட்டாரா என்று தெரியவில்லை,
வண்டி எடுத்துவிட்டார்கள்.

அடுத்த சவாரி கோர்ட்டுக்கு.
போகிற வழியில்
பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக
ஊர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
பின்னாலிருந்தவர் கேட்டார்,
'என்னப்பா, ஊருக்குப் புதுசா?'